ரிசப்ஷனுக்கு ஜாஸ் பேண்டு வேணுமா? தூத்துக்குடியில் நான் போட்ட கணக்கு

"அண்ணா, ரிசப்ஷன்ல ஜாஸ் பேண்டு வேணும்."

தங்கச்சி போன்ல இதைச் சொன்னப்போ நான் சென்னையில ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் மே மாதம், தூத்துக்குடியில. மண்டபம், சாப்பாடு, புடவை, நகை, போட்டோ எல்லாத்துக்கும் என் எக்ஸெல் ஷீட்ல தனித்தனி வரி இருந்தது. இசைக்குன்னு ஒரு வரியே இல்லை. "மற்றவை"ன்னு ஒரு பத்தாயிரம் போட்டு வெச்சிருந்தேன், அவ்வளவுதான்.

கல்யாண பட்ஜெட் பற்றி நம்ம வீடியோக்கள்ல எத்தனையோ தடவை பேசியிருக்கோம். ஆனா சொந்த வீட்டுக் கல்யாணம்னு வந்தப்போ, ஒரு பேண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறது நியாயம்னு எனக்கு சுத்தமா தெரியலை. மண்டபத்துக்கு ரேட் கார்டு இருக்கு, சாப்பாட்டுக்கு இலைக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு. வாத்தியத்துக்கு? வாய்ல வர்றதுதான் விலை.

முதல்ல சென்னையில ஒரு மூணு பேர் குழுவைக் கேட்டேன். சாக்ஸபோன், கீபோர்டு, டிரம்ஸ். நல்ல ஆட்கள், வாசிப்பும் அருமை. ரெண்டு மணி நேரத்துக்கு 1,20,000 ரூபாய். அதோட முடியலை. அவங்க கேட்கிற தரத்துல சவுண்டு சிஸ்டம் 35,000. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போக வர டிக்கெட், ஸ்டேஷன்ல இருந்து கார் எல்லாம் சேர்த்து 13,000. ரூம், சாப்பாடு 12,000. மொத்தம் 1,80,000. எங்களுக்கு வந்த ரேட்டு இது. உங்களுக்கு வேற மாதிரி வரலாம்.

அவங்க கேட்டது அநியாயம்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி ரயில்ல வந்து, மறுநாள் வாசிச்சு, அடுத்த ராத்திரி ரயில்ல திரும்பணும். ரெண்டு மணி நேரக் கச்சேரிக்கு மூணு நாள் போயிடுது. அந்த மூணு நாள்ல வேற வாய்ப்பு வந்தா விடணும். இது அவங்க பக்க நியாயம். என் பக்கக் கணக்கு வேற.

அந்த 1,80,000 என் கையில இல்லை. தங்கச்சி, "பர்சனல் லோன் போட்டுக்கலாம்ணா, நானும் பாதி கட்டுறேன்"னா. சரின்னு கால்குலேட்டரைத் திறந்தேன். 14 சதவீத வட்டி, 36 மாசம். மாசத் தவணை சுமார் 6,152 ரூபாய். மூணு வருஷத்துல மொத்தமா கட்டுறது 2,21,000க்கு மேல. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 41,500. இந்த 41,500-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அப்பாகிட்ட சொன்னேன். "ஒரு சாக்ஸபோனுக்கா ஒன்னே முக்கால் லட்சம்? நம்ம ஊர்ல மாதா கோயில் சப்பரத்துக்கு முன்னால போறவன் கையில இருக்கறது என்ன, புல்லாங்குழலா?"ன்னு கேட்டார்.

யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னது சரி. சின்ன வயசுல இருந்து பார்த்துப் பார்த்துப் பழகினதால, அது எனக்கு ஒரு இசைக்குழுவாவே தோணலை.

பேண்டு செட்டும் ஜாஸும் சொந்தக்காரங்க

முத்துக்குளித்துறை கடற்கரை ஊர்கள்ல பேண்டு செட் இல்லாம எதுவும் நடக்காது. திருவிழா, கல்யாண ஊர்வலம், சாவு எல்லாத்துக்கும் ட்ரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், சைடு டிரம், பெரிய டிரம் வரும். பனிமய மாதா பேராலயத்துல ஜூலை 26ஆம் தேதி கொடியேறினா ஆகஸ்ட் 5 வரைக்கும் ஊர் முழுக்க அந்தச் சத்தம்தான்.

ஜாஸ் எங்க இருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்தா, அதுவும் இப்படித்தான் தொடங்கியிருக்கு. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ், அதுவும் ஒரு துறைமுக ஊர். ராணுவ பேண்டு மாதிரி அமைஞ்ச பித்தளை வாத்தியக் குழுக்கள் அங்க ஊர்வலத்துக்கும் சாவுக்கும் கூலிக்கு வாசிச்சாங்க. கல்லறைக்குப் போறப்போ மெதுவா ஞானப்பாட்டு. அடக்கம் முடிஞ்சு திரும்பறப்போ துள்ளல் பாட்டு. ஜாஸை வளர்த்த பல கைகள் அந்தத் தெருவுல பழகினவைதான். லூயி ஆம்ஸ்ட்ராங் 1913ல ஒரு சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்க இருந்த பேண்டுலதான் முறையா கார்னெட் கத்துக்கிட்டார்.

நம்ம வேலைக்கு நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்னும் அங்க இருக்கு. நியூ ஆர்லியன்ஸ்ல கறுப்பின மக்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கதவைத் திறக்காத காலத்துல, அவங்களே உதவிச் சங்கங்கள் நடத்தினாங்க. மாசாமாசம் சந்தா கட்டணும். உடம்பு சரியில்லைன்னா டாக்டர் செலவு, செத்தா அடக்கச் செலவு, அதோட இறுதி ஊர்வலத்துக்கு ஒரு பேண்டு. பாலிசிக்குள்ளேயே பேண்டு! இன்னைக்கு நம்ம டேர்ம் இன்சூரன்ஸ் ரைடர் பட்டியலைப் பார்க்கிறப்போ எனக்கு இது ஞாபகம் வருது.

இந்தியாவுக்கு ஜாஸ் ஓட்டல்கள் வழியா வந்தது. 1935ல லியான் அபே என்பவர் ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கக் குழுவை பம்பாய் தாஜ் ஓட்டலுக்குக் கூட்டிட்டு வந்தார். அதுக்கப்புறம் அந்த மேடைகளை நிரப்பினவங்கள்ல பெரும்பாலானவங்க கோவாக்காரங்க, கோயில் பள்ளிகள்ல நொட்டேஷன் படிச்சு வந்தவங்க. ராத்திரி ஓட்டல்ல ஜாஸ், பகல்ல இந்தி சினிமா ஸ்டுடியோவுல வாசிப்பு. ஒரே திறமைக்கு ரெண்டு வருமானம்.

தமிழ்நாட்டுல சாக்ஸபோனை நம்ம வாத்தியமா கேட்க வெச்சதுல கத்ரி கோபால்நாத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, கர்நாடக இசைக்கு அதை வளைச்சவர். 1994ல வந்த 'டூயட்' படத்துல கேட்டீங்களே, அந்த சாக்ஸபோன் அவரோடதுதான். தங்கச்சி "ஜாஸ்"னு சொன்னப்போ அவ மனசுல ஓடினது அந்தச் சத்தம்தான்னு பிறகுதான் தெரிஞ்சது. வாங்கறதுக்கு முன்னால என்ன வாங்கறோம்னு கேட்டுக்கணும். நான் ஒரு மாசம் கழிச்சுத்தான் கேட்டேன்.

மாஸ்டர் போட்டுக் காட்டின பில்

அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு பேண்டு மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அறுபதைத் தாண்டினவர். சாக்ஸபோன், கிளாரினெட் ரெண்டும் வாசிப்பார். வீட்டுத் திண்ணையில ட்ரம்பெட்டைப் பிரிச்சுப் போட்டு வால்வுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சார். "ஜாஸ்னா என்ன தம்பி, ஒருத்தன் பாட்டைப் பிடிச்சுக்கிடணும், மத்தவன் அவன் போக்குல கொஞ்சம் சுத்திட்டு வரணும். நாதஸ்வரக்காரன் மனோதர்மம்னு சொல்லுவான். எங்க பயலுவ கோயில் பாடற்குழுவுல கீபோர்டு, பேஸ் கிட்டாரு, டிரம்ஸு எல்லாம் நல்லா அடிக்கானுவ. நாலு பாட்டு எடுத்துப் பழக்கினா வந்துரும்."

அப்படி ஒரு குழு உருவாச்சு. மாஸ்டரோட சாக்ஸபோன், ரெண்டு ட்ரம்பெட், ஒரு கிளாரினெட், சைடு டிரம். பாடற்குழுவுல இருந்து மூணு பையன்கள். மொத்தம் எட்டுப் பேர். சாயங்காலம் கோயிலுக்கு ஊர்வலம், அப்புறம் ரிசப்ஷன்ல ரெண்டு மணி நேரம். ரேட்டு 32,000.

நான் என்ன பண்ணியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். "ஒரு அஞ்சாயிரம் குறைச்சுக்கோங்க மாஸ்டர்"னேன்.

அவர் கோபப்படலை. பக்கத்துல கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, பின்பக்கத்துல எழுதினார். வேன் 4,500. பிடிச்சுத் தர்ற ஏஜென்ட்டுக்கு 3,000. வாத்திய ரிப்பேர் உண்டியலுக்கு 2,000. மிச்சம் 22,500. எட்டுப் பேர்; மாஸ்டருக்கு ரெண்டு பங்கு, மத்தவங்களுக்கு ஒன்னொன்னு. ஒன்பது பங்கு. பங்குக்கு 2,500.

"இதுல அஞ்சாயிரத்தை எங்க வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க"ன்னு பேனாவை என்கிட்ட நீட்டினார்.

வேன்காரர் குறைக்க மாட்டார். ஏஜென்ட் குறைக்க மாட்டார். ரிப்பேர் உண்டியல்ல கை வெச்சா அடுத்த மாசம் ட்ரம்பெட் ஊதாது. அப்போ அஞ்சாயிரமும் அந்த 22,500ல இருந்துதான் போகணும். நான் கேட்டது பில்லுல 15.6 சதவீதத் தள்ளுபடி. அது ஒவ்வொருத்தர் கூலியிலும் 22 சதவீத வெட்டா விழுது. என் சம்பளத்துல 22 சதவீதம் வெட்டினா நான் அன்னைக்கே வேற வேலை தேட ஆரம்பிச்சிருப்பேன்.

அந்த 2,500ஐயும் ரெண்டு மணி நேரக் கூலின்னு பார்க்க முடியாது. மதியம் ரெண்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி பன்னிரண்டுக்கு வீடு திரும்பற ஒருத்தருக்கு அது பத்து மணி நேர வேலை. மணிக்கு 250. பழகின நேரம் இதுல சேரவே இல்லை.

ஆனா அந்தப் பத்திரிகைத் தாள்ல எனக்குக் குறைக்கக் கூடிய ஒரு வரி இருந்தது. "மாஸ்டர், நான் நேரா உங்ககிட்ட வந்துட்டேனே, ஏஜென்ட் 3,000 எதுக்கு?" அதுக்கு அவர் தலையாட்டினார். "அது சரியான கேள்வி." கடைசியில அந்த 3,000 எங்க பக்கம் திரும்பி வரலை. பாடற்குழுப் பையன்களுக்கு ரெண்டு நாள் கூடுதல் ரிகர்சலுக்குப் போச்சு. பில் 32,000ஆவே நின்னது. எனக்கு அதே காசுக்கு நல்லாப் பழகின குழு கிடைச்சது. சவுண்டு சர்வீஸ் தனியா 9,000. மொத்தம் 41,000.

இப்போ அந்த 41,500க்கு வாங்க. சென்னைக் குழுவுக்காகக் கடன் வாங்கியிருந்தா நான் கட்டியிருக்க வேண்டிய வட்டி மட்டும் 41,500. அந்த வட்டிக் காசுலயே எட்டுப் பேர் பேண்டும் சவுண்டும் முடிஞ்சு, டீ காசு மிச்சம்.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து மாசம் இருந்தது. மாசம் 4,100 தனியா எடுத்து வெச்சோம், நான் பாதி, தங்கச்சி பாதி. "மற்றவை" வரியை அழிச்சுட்டு "இசை"ன்னு ஒரு வரி போட்டேன்.

பேண்டுக்காரர் வருஷத்தை எப்படி ஓட்டுறார்

நமக்கு ஒன்னாம் தேதி மெசேஜ் வந்துடும். மாஸ்டருக்கு அப்படி இல்லை. அவர் வருமானக் காலண்டரைக் கேட்டப்போதான், நாம போர்ட்ஃபோலியோன்னு பெரிசா பேசறதை இவர் அம்பது வருஷமா பண்ணிட்டிருக்கார்னு தெரிஞ்சது.

ஆடியில இந்துக் கல்யாணம் கிடையாது. ஆனா அதே நேரத்துலதான் மாதா கோயில் திருவிழா, கூடவே அம்மன் கோயில் கொடைகள். செப்டம்பர் 14ஐ ஒட்டி மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா. அது முடிஞ்சா குலசேகரன்பட்டினம் தசரா. காளியா, ராஜாவா, குரங்கா, பிச்சைக்காரரா வேஷம் போட்டு, குழு குழுவா ஊர் ஊரா மேளதாளத்தோட காணிக்கை வாங்கப் போவாங்க. அந்த நாட்கள்ல செட் பிடிக்க அடிதடிதான்னு மாஸ்டர் சொல்றார். மார்கழியில முகூர்த்தம் இல்லை, ஆனா கிறிஸ்துமஸ் இருக்கு. தவக்காலத்துல கிறிஸ்தவக் கல்யாணம் கிடையாது, ஆனா மாசி முகூர்த்தம் வரும். ஒரு சாமி கதவைச் சாத்தினா இன்னொரு சாமி திறக்குது. இந்த மாவட்டத்து வாத்தியக்காரங்களுக்கு எல்லா மதமும் வேணும்.

இருந்தும் ஓட்டை விழும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. ஊர்ல காசு ஓட்டம் குறைஞ்சதும் பேண்டுக்கு வர வேண்டிய பேலன்ஸ்தான் முதல்ல தள்ளிப் போகுமாம். 2020ல கொரோனா ஊரடங்கு. கல்யாணத்துக்கு அம்பது பேர்தான்னு சொன்னப்போ, அந்த அம்பதுல பேண்டுக்காரங்க எட்டுப் பேரை யார் சேர்ப்பாங்க?

அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டின அந்த ரெண்டு நாளை இந்த மாவட்டத்துல யாரும் மறக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. பேண்டுக்காரங்களுக்கு அது அறுவடை வாரம். மாஸ்டர் வீட்டுல இடுப்பளவு தண்ணி. பித்தளையைத் துடைச்சு எண்ணெய் போட்டு மீட்டுட்டார். கிளாரினெட், சாக்ஸபோன் பேடெல்லாம் ஊறி வீணாச்சு, டிரம் தோல் கிழிஞ்சது. வருமானம் போன அதே வாரத்துல செலவும் வந்து நின்னது. மனைவியோட சங்கிலி அடகுக்குப் போச்சு. திருப்பறதுக்கு ஒன்றரை வருஷம்.

ரிப்பேர் உண்டியல் அதுக்கப்புறம் வந்ததுதான். ஒவ்வொரு புக்கிங்லயும் முதல்ல 2,000 அதுல போகும், பங்கு பிரிக்கிறதுக்கு முன்னால. சம்பளக்காரங்களுக்கு ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதின்னு நாங்க சொல்லிட்டே இருக்கோம். வருமானமும் தொழில் கருவியும் ஒரே நாள்ல நனையக்கூடியவங்களுக்கு அந்த ஆறு மாசக் கணக்கு பத்தாது. ஃப்ரீலான்ஸ் பண்றவங்க இதைக் கவனிங்க. உங்க லேப்டாப்பும் ஒரு கிளாரினெட்தான்.

இன்னொன்னும் சொன்னார். "சாவுக்கு யாரும் பேரம் பேச மாட்டாங்க தம்பி. ரெண்டு மணி நேரத்துல வான்னு போன் வரும், போவோம். அட்வான்ஸும் கேட்கிறதில்ல. கல்யாணத்துக்குத்தான் பத்து தடவை பேசுவாங்க."

வாட்ஸ்அப்ல எழுதுங்க, வாயால வேண்டாம்

இந்தப் பகுதியை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னால என் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு ஏஜென்ட் மூலமா ஒரு பேண்டு. எட்டுப் பேர்னு பேச்சு. பாதிப் பணம் அட்வான்ஸா ஜிபே பண்ணினது நான்தான். வந்தது அஞ்சு பேர். ட்ரம்பெட்டே இல்லை. பென் டிரைவ்ல ட்ராக் ஓட, அதுமேல ஒருத்தர் கீபோர்டு தட்டினார். கேட்டா, "எட்டுன்னு யார் சொன்னா?" எங்ககிட்ட எழுத்துல ஒன்னும் இல்லை. சொந்தக்காரங்க முன்னால சண்டை போட முடியாம மிச்சத்தையும் கொடுத்துட்டு வந்தோம். பெரியப்பா அன்னைக்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால இந்தத் தடவை மாஸ்டருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அப்படியே தர்றேன், தேவைன்னா மாத்தி எடுத்துக்கோங்க:

"மே 18, சாயங்காலம் 4 மணிக்கு வீட்டுக்கு வரணும். 5 மணிக்கு கோயிலுக்கு ஊர்வலம். 7.30ல இருந்து 9.45 வரைக்கும் ரிசப்ஷன், நடுவுல 15 நிமிஷம் இடைவெளி. எட்டுப் பேர்: சாக்ஸபோன் 1, ட்ரம்பெட் 2, கிளாரினெட் 1, சைடு டிரம் 1, கீபோர்டு 1, பேஸ் கிட்டார் 1, டிரம்ஸ் 1. யாராவது வர முடியலைன்னா அதே வாத்தியத்துக்கு மாற்று ஆள் மாஸ்டர் பொறுப்பு. சவுண்டு, கரண்ட், ராத்திரிச் சாப்பாடு எங்க பொறுப்பு. மொத்தம் 32,000. இன்று அட்வான்ஸ் 10,000. மிச்சம் 22,000 வாசிச்சு முடிஞ்சதும் அங்கேயே. நாங்க ரத்து செஞ்சா அட்வான்ஸ் உங்களுக்கு. நீங்க ரத்து செஞ்சா முழுசா திருப்பித் தரணும். மழை, ஊரடங்கு மாதிரி வந்தா வேற தேதிக்கு அதே அட்வான்ஸ்."

அவர் "சரி தம்பி, சம்மதம்"னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எழுத்துலயும் ஒரு "சம்மதம்" போடச் சொன்னேன். போட்டார். ஜிபே பண்றப்போ குறிப்புல "மே 18 பேண்டு அட்வான்ஸ்"னு எழுதினேன். இந்த மாதிரி ஆதாரம் கையில இருந்தா, ஏமாத்தினவங்க மேல 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுல புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அஞ்சு லட்ச ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்க கட்டணமே கிடையாது. கையில எழுத்து இல்லாதவங்க அங்க போயும் கஷ்டப்படணும்.

கேட்கிற முறையையும் பார்த்துக்கோங்க. ஆதாரம் வேணும்னு போலீஸ்காரர் மாதிரி கேட்டா பேண்டுக்காரருக்கு மனசு உடையும். "நான் மறந்துடுவேன் மாஸ்டர், எழுதிப் போடுறேன், சரியான்னு பாருங்க"ன்னு நான் சொன்னேன். எழுத்து அவரையும்தானே காப்பாத்துது. 22,000 அங்கேயே தரணும்னு அதுல இருக்கே.

பில்லுல வர்ற ஜிஎஸ்டி, ராயல்டி, பத்து மணி

"ஜிஎஸ்டி தனி"ன்னு யாராவது சொன்னா முதல்ல பதிவு எண்ணைக் கேளுங்க. சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத குழு பொதுவா பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவங்க உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. இதுல ஒரு வேடிக்கை உண்டு. நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞருக்கு 1.5 லட்சம் வரைக்கும் கொடுத்தா ஜிஎஸ்டி விலக்கு. நாதஸ்வரம், நையாண்டி மேளம் எல்லாம் அதுல வரும். ஜாஸ் வராது. ஒரே சாக்ஸபோன்ல கீர்த்தனை வாசிச்சா ஒரு கணக்கு, ஜாஸ் வாசிச்சா வேற கணக்கு.

பாட்டுக்கு ராயல்டி கட்டணுமான்னு பல பேர் கேட்கிறாங்க. பதிப்புரிமைச் சட்டத்துல கல்யாண ஊர்வலத்துக்கும், கல்யாணத்தோட சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருக்கு. 2023 ஜூலையில மத்திய அரசு இதை ஒரு அறிவிப்பாவே வெளியிட்டுச்சு. ஆனா உங்க ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஹெச்ஆர்ல இருக்கிறவங்க, பேண்டு புக் பண்றப்போவே பாட்டு உரிமத்தை யார் எடுக்கணும்னு பேசி முடிச்சுடுங்க. பேண்டுக்காரர் தலையில கட்டாதீங்க.

நேரம் ரொம்ப முக்கியம். திறந்தவெளியில ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் ஸ்பீக்கர் மட்டும் இல்லை, வாத்தியமும் கூடாதுன்னு 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்லுது. மூடின மண்டபத்துக்குள்ள கொஞ்சம் சலுகை உண்டு. எங்களுக்கு ரிசப்ஷன் புல்வெளியில. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர்றது எப்பவுமே லேட்டாகும். ஒன்பதரைக்கு மேடையேறினா நீங்க கொடுத்த 32,000ல கேட்கிறது அரை மணி நேர வாசிப்புதான். எங்க வீட்டுல மேக்கப்காரங்ககிட்ட நான் நாலு தடவை மணியைச் சொன்னேன். திட்டு வாங்கினேன். ஏழே முக்காலுக்கு மேடையேறியாச்சு.

மே 18

எட்டுப் பேரும் மூணே முக்காலுக்கே வந்துட்டாங்க. கோயிலுக்குப் போற ஊர்வலத்துல வழக்கமான பேண்டு. ரிசப்ஷன்ல அதே ஆட்கள், வெள்ளைச் சட்டைக்கு மேல கறுப்பு கோட்டு. பேஸ் கிட்டார் பையன் முதல் பாட்டுல தடுமாறினான், மறைக்க என்ன இருக்கு. மூணாவது பாட்டுல மாஸ்டர் சாக்ஸபோனை எடுத்து, இளையராஜா பாட்டு ஒன்னை மெதுவா ஆரம்பிச்சு, நடுவுல பாட்டை விட்டுட்டு எங்கேயோ போனார். கீபோர்டு பையன் அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு பின்னாலேயே போனான். சாப்பிட்டுக்கிட்டிருந்த சிலர் இலையை விட்டுத் திரும்பிப் பார்த்தாங்க. மேடையில தங்கச்சி போட்டோகிராபரைக் கவனிக்கவே இல்லை.

9.50க்கு வாத்தியத்தை இறக்கினாங்க. மாஸ்டர் வேணாம் வேணாம்னார். முன்னாலேயே எண்ணி வெச்சிருந்த கவரைக் கொடுத்தேன். அவர் வேன் பின் சீட்டுல உட்கார்ந்து, முதல்ல உண்டியலுக்கு 2,000 எடுத்து வெச்சார். அப்புறம் வேன் வாடகை. அப்புறம் பங்கு. பாடற்குழுப் பையன்கள் மூணு பேருக்கும் அது வாசிச்சு வாங்கின முதல் காசு. ஒருத்தன் நோட்டை ரெண்டு தடவை எண்ணினான்.

"22,000 பெற்றுக்கொண்டேன்"னு மாஸ்டர்கிட்ட இருந்து மெசேஜ் வந்தப்போ மணி 10.20. நான் கேட்காமலே அனுப்பியிருந்தார். கீழே இன்னொரு வரி: "காலைல 7 மணிக்கு ஒரு அடக்கம் இருக்கு தம்பி, கறிச்சோறு மிச்சம் இருந்தா ரெண்டு பார்சல் வேன்ல குடுத்து விடுங்க."